மாமா காரின் கம்பெனி செட்

நாலு திருகாணியைக் கழற்றினால் மாற்ற முடியாத பொருள் என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓசூரில் ஒரு தனியார் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறேன். மத்திகிரியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் மின்விசிறி, பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் விளக்கு, எங்கள் முதல்வர் அறைக் கதவில் இருந்த பெயர்ப்பலகை (இது மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளாமல் செய்தது) என்று பலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எதிலும் நாலுக்கு மேல் இருந்ததில்லை.

காரின் ஸ்டீரியோவும் அப்படித்தான். முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைப் பதமாக நெம்பினால் கையோடு வந்துவிடும். உள்ளே நாலு திருகாணி. மஞ்சள், சிவப்பு, கருப்பு ஒயர்களை அதனதன் ஜோடியோடு சேர்த்தால் முடிந்தது வேலை. தீர்த்தகிரி மாமாவின் காரில் இருந்த கம்பெனி செட்டை எடுத்துவிட்டுப் புதுசு ஒன்றை மாட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் யானை செய்தது.

இதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று சுருக்கமாக முடித்திருப்பேன். கேட்காததால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீர்த்தகிரி மாமா என் அம்மாவின் தம்பி. தளிப் பக்கம், ஜவளகிரிக் காட்டை ஒட்டின ஒரு ஊர். ராகியும் முட்டைக்கோசும் போடுவார். ஓசூரில் ஏதோ ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய வெள்ளைக் காரை மாமா வாங்கினார். காரோடு பிறந்த ஸ்டீரியோவும் கூடவே வந்தது. அந்த சூப்பர்வைசர் வேலைக்குப் போகும் வழியில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட சி.டி. செட்டுக்கு உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் உச்சத்திலேயே உடைந்து நின்றுவிட்டது. ஆக, மாமா சாவியைத் திருப்பினால் போதும், ஒரு வாத்தியார் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்.

"குட் ஈவினிங்! ஹவ் ஆர் யூ?"

பிறகு மாணவன் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி. அப்புறம், பதில் வந்ததோ இல்லையோ, "வெரி குட்!"

நிறுத்த வழியே இல்லை. கார் ஓடும்வரை பாடமும் ஓடும். அதனால் மாமா தனியாக எங்கே போனாலும் பைக்கில்தான் போவார். கார் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தூங்கும். ஒரு கார்த்திகை மாதம், பொழுது சாய்கிற நேரத்தில், கதிர் முற்றின ராகிக் கொல்லைக்குள் யானைக் கூட்டம் இறங்கிவிட்டது. மாமா தப்பித்துப் போகலாம் என்று காருக்குள் பாய்ந்து சாவியைத் திருப்பினார். வாத்தியார் மாலை வணக்கம் சொன்னார். யானைகள் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயின.

அன்றிலிருந்து கார் கொல்லைக்குக் காவல். முகப்பைக் காட்டைப் பார்த்து நிறுத்தி, சத்தம் வெளியே போவதற்காகப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாவியில் கையை வைத்தபடி மாமா தினமும் சாயங்காலம் உட்கார்ந்திருப்பார்.

"பட்டாசுக்குப் பழகிடுச்சுங்க, தகரத்தத் தட்டுனாலும் பழகிடுச்சுங்க மாப்ள. இந்த வாத்தியாருக்கு மட்டும் இன்னும் பழகல" என்றார்.

"எங்க காலேஜ்லயும் அப்படித்தான் மாமா. இங்கிலீஷ் சார் வந்தா நாங்களும் காட்டுப்பக்கம் ஓடிருவோம்."

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். எதைச் சொன்னாலும் சிரிக்கிற மனிதர். கேலி செய்கிறவனுக்கு அப்படிப்பட்டவர்கள் மிகவும் வசதி.

யானைகளை விரட்டுவது கூட எனக்குப் பெரிய வேடிக்கையாகத் தெரியவில்லை. உண்மையான வேடிக்கை வேறு: யானை வராத நாளிலும் மாமா கொஞ்ச நேரம் பாடத்தை ஓடவிடுவார். அந்த இடைவெளிகளில் தானே பதில் சொல்லுவார். யாருமில்லாத கொல்லையில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, "ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ" என்பார்.

"யாருக்கு மாமா பதில் சொல்றீங்க?"

"கேக்கறாருல்ல மாப்ள? ஒருத்தரு எப்பிடி இருக்கறன்னு கேட்டா பதில் சொல்லணுமா இல்லியா? அதுவுமில்லாம, இந்த வயசுல என்னைய யாரு வெரி குட்டுன்னு சொல்றாங்க? உங்க அத்தை சொல்லுவாளா?"

"செய்யற காரியத்துக்கு அது ஒண்ணுதான் கொறைச்சல்" என்றாள் காவேரி அத்தை, களையெடுத்துக்கொண்டே.

நான் கல்லூரியில் ஒரு கேலிப் பக்கம் நடத்துகிறேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல், செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்து, வீடியோ போடுவேன். மாமாவை எடுத்தேன். "தளி வட்டாரத்து யானைகளுக்கு இலவச ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, ஒரே ஒரு மாணவர் மட்டும் தேர்ச்சி" என்று தலைப்பு. அதுவரை என் வீடியோக்களை என் வகுப்பு மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இதைத் தமிழ்நாடு பார்த்தது, எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர்களும் பார்த்தார்கள். கேன்டீனில் நான் நுழைந்தால் மொத்த மேசையும் "ஹவ் ஆர் யூ?" என்றது. எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அடையாளம் கிடைத்தது.

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஊரில் எல்லாருக்கும் அதை அனுப்பிவிட்டு, "நல்லாத்தான்டா எடுத்திருக்க. அடுத்தது எப்ப?" என்று கேட்டார்.

எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். அடுத்தது எப்போது? அடுத்தது என்னிடம் இல்லை. ஒரே ஒரு வீடியோவோடு முடிந்துபோனவன் என்று கேன்டீனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதையெல்லாம் ஒரு காரணம் என்று நான் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

காரணம் என்று பார்த்தால், செட்டை மாற்றச் சொன்னது காவேரி அத்தைதான்.

"பஸ்ஸு இல்லாத ஊருக்கு அந்தக் காருலதான் போவ வேண்டியிருக்குது கண்ணு. போன வாரம் ஒரு துக்க வூட்டுக்குப் போனோம். எறங்கறதுக்குள்ள, பொணத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு ஹவ் ஆர் யூன்னு கேக்குது. எம் மானமே போச்சு. நீதான் படிச்சவனாச்சே, அதக் கழட்டிப்போட்டுப் புதுசா ஒண்ணு மாட்டக்கூடாதா?"

அத்தை கேட்டாள், நான் செய்தேன். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. மூக்கண்டப்பள்ளியில் முத்துமணி அண்ணன் வைத்திருக்கும் கார் அலங்காரக் கடையில் தொடுதிரை வைத்த செட் ஒன்றை வாங்கினேன். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

"பழசத் தூரப் போட்றாதீய தம்பி. கம்பெனி செட்டு கல்லு மாதிரில்லா இருக்கும். சத்தம்னா அதுதான் சத்தம்."

"சத்தம் வேண்டாம்னுதான் அண்ணே மாத்தறேன்."

"அப்பச் சரி. இது கண்ணு முழிக்கவே கொஞ்ச நேரம் எடுக்கும். எவ்வளவு சத்தத்துல ஆரம்பிக்கணும், எந்தப் பாட்டுல ஆரம்பிக்கணும்னு நீங்களே உள்ள வச்சுக்கிடலாம்."

இந்தக் கடைசித் தகவலை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அத்தைக்குப் பிறந்த வீடு கர்நாடகத்தில், ஆனேக்கல் பக்கம். குழந்தைகளைத் தூங்கவைக்கக் கன்னடத்தில்தான் பாடுவாள். சிறுவயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் என்னையும் அப்படித்தான் தூங்கவைத்திருக்கிறாள். கல்லூரியில் நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். வெட்கப்பட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜோ... ஜோ..." என்று மெல்ல ஆரம்பித்து முழுசாகப் பாடிக்கொடுத்தாள். என் போனில் நன்றாகப் பதிவானது.

திட்டம் எளிமையானது. காட்டு யானை வந்து நிற்கிறது. மாமா வீரமாகச் சாவியைத் திருப்புகிறார். வாத்தியாருக்குப் பதிலாகத் தாலாட்டு வருகிறது. மாமாவின் முகம். அவ்வளவுதான் வீடியோ. தலைப்பு கூட யோசித்து வைத்திருந்தேன்: "யானைகளுக்குப் புது டீச்சர்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செட்டை மாற்றினேன். மாமா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நான் கழற்றிக் கொடுத்த நாலு திருகாணிகளையும் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டார். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் பழைய செட்டின் நெற்றியில் அப்படியே இருந்தது. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது வாத்தியாரு அளவுக்குக் கத்துமா மாப்ள?"

"அதுக்கு மேல கத்தும் மாமா. ஊர்ல இருக்கற எல்லா வாத்தியாரும் இதுக்குள்ள இருக்காங்க."

"அப்ப போட்டுக் காட்டேன்."

"சாயங்காலம் கொல்லையில போடலாம். இப்பப் போட்டா கெத்து போயிரும்."

அவர் ஒத்துக்கொண்டார். நான் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

கொல்லையின் மூலையில் பம்ப்செட் அறை இருக்கிறது. கான்கிரீட் கூரை. பொழுது சாயும்போது நான் அதன்மேல் ஏறி, போனைத் தாங்கியில் பொருத்தி, காரை நோக்கி வைத்துக்கொண்டேன். வெளிச்சம் அருமையாக இருந்தது. ராகிக் கதிர்கள் எல்லாம் செம்பு நிறத்தில் தலைகுனிந்து நின்றன. அந்த வருஷம் விளைச்சல் நல்ல விளைச்சல். அறுப்புக்கு ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது.

அரைவாலன் வந்தான். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒற்றை ஆண் யானை. வால் பாதிதான் இருக்கும். கூட்டத்தோடு சேரமாட்டான். காட்டோரத்துத் தைல மரங்களுக்கு நடுவில் முதலில் ஒரு இருட்டு மாதிரித் தெரிந்து, பிறகு யானையானான்.

"வந்துட்டீங்களா சாமி" என்றார் மாமா, விருந்தாளியிடம் பேசுகிற குரலில். சாவியைத் திருப்பினார்.

திரை வெளிச்சமானது. அது கண் விழிக்கும்வரை மாமா காத்திருந்தார். பிறகு அத்தை பாடினாள். எவ்வளவு மெதுவாக வைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வைத்திருந்தேன்.

நான் மாமாவின் முகத்தை நெருக்கமாகக் கொண்டுவந்தேன். பயந்துபோன முகத்தை எதிர்பார்த்திருந்தேன். கிடைத்தது வேறு. அவர் திரையை நோக்கிக் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுபோனார். சிரிப்பு மெல்லப் பரவியது.

"டேய் மாப்ள, இது உங்க அத்தை கொரலு கணக்கா இருக்குதேடா!"

நான் பதில் சொல்லவில்லை. என் குரல் வீடியோவில் விழுந்தால் கெட்டுப்போகும்.

யானை கொல்லைக்குள் காலை வைத்தது. மாமா ஹாரனை அழுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். பிறகு தலையை வெளியே நீட்டி, "மாப்ள, இத எப்பிடிடா சத்தமா வெக்கறது?" என்று கேட்டார். அப்போதும் நான் பேசவில்லை. சரியாகக் காதில் விழவில்லை போல என்று அவராகவே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து இறங்கினார். கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக பம்ப்செட் அறையைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, நடந்து வந்தார்.

காருக்கும் எனக்கும் நடுவில், மாமாவின் முதுகுக்குப் பின்னால், அரைவாலன் வந்து சேர்ந்தான். மாமா மேலே என்னைப் பார்த்துக்கொண்டே வந்ததால் அவனைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அதிக நேரம் ஆகவில்லை. அத்தை பாடிக்கொண்டே இருந்தாள்.

யானை போன பிறகு நான் இறங்கினேன். ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். யாரோ காருக்குள் ஏறி ஹாரனை அழுத்திப் பார்த்தார்கள். நன்றாக அடித்தது. "பாவம், பயத்துல ஹாரன் அடிக்கக்கூடத் தோணல மனுசனுக்கு" என்றார் பக்கத்துக் கொல்லை ராமப்பன். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அதுவே பேச்சாக இருந்தது: தீர்த்தகிரி பயந்துட்டான். என் மாமா யானைக்குப் பயந்தவர் இல்லை என்று அந்த ஊரில் நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

வீடியோவை அன்றைக்கே அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்தேன். தாலாட்டு தெளிவாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான். பதிவாகியிருந்தது.

பிறகு இன்னொரு வீடியோ போட்டேன். இதில் கேலி எதுவும் கிடையாது. கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மாமாவின் படத்துக்கு முன்னால் நின்று, ஒரு விவசாயியின் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். குரல் உடைந்தது, அது நடிப்பு இல்லை. இலட்சக்கணக்கில் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் சாலை மறியல் செய்தார்கள். மயக்க ஊசி போட்டு, இரண்டு கும்கி யானைகளை நிறுத்தி, அரைவாலனை லாரியில் ஏற்றினார்கள். நானும் பார்க்கப் போனேன். கூட்டம் கைதட்டியது. அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் மட்டும் பாதி திறந்திருந்தது. இப்போது ஏதோ ஒரு முகாமில் மரக்கூண்டுக்குள் வைத்துச் சொல்பேச்சுக் கேட்கப் பழக்குகிறார்களாம். சொன்னதைச் செய்தால் கரும்பு கொடுக்கிறார்களாம். எனக்குத் தெரிந்து, எனக்குப் பதிலாக உள்ளே போன முதல் ஆள் அவன்தான்.

சரி. ஹாரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. ஹாரனுக்குரியது சிவப்பு நிறத்தில், நகம் அளவுக்கு இருக்கும். ஹாரன் அடித்தால் தாலாட்டு எடுபடாது இல்லையா? அதனால் மத்தியானமே அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கூரையிலிருந்து இறங்கியதும் நான் முதலில் போனது மாமாவிடம் இல்லை. காருக்குப் போனேன். பாட்டை நிறுத்தினேன். ஃபியூஸை இருந்த இடத்தில் செருகினேன். அதற்குப் பிறகுதான் ஊரைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஃபியூஸுக்குத் திருகாணிகூடத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. யானை அன்றைக்கே வரும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை என்றால் நல்லது. ஆனாலும் சொல்கிறேன்.

ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. யானை நடமாட்டம் தெரிந்தால் அதில் போடுவார்கள். புது செட்டோடு இணைக்க வேண்டும் என்று சொல்லி மாமாவின் போனை அன்றைக்கு நான்தான் வாங்கி வைத்திருந்தேன். திருகாணிகளைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. அரைவாலன் ஜவளகிரியிலிருந்து இந்தப் பக்கம் வருகிறான், மூர்க்கமாக இருக்கிறான், யாரும் கொல்லைக்குப் போக வேண்டாம், முக்கியமாகக் காட்டோரத்துக்காரர்கள்.

"சத்தம் கேட்டுச்சே, ஏதாச்சும் மெசேஜா மாப்ள?" என்றார் மாமா.

"ஒண்ணும் இல்ல மாமா. கம்பெனிக்காரன் விளம்பரம்" என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். மாமா உள்ளங்கையை விரித்து, கடைசித் திருகாணியை எடுத்துக் கொடுத்தார்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் நம்பலாம். நான் நினைத்ததெல்லாம் வீடியோ நன்றாக வர வேண்டும் என்பதுதான். அவரைப் பற்றி அந்த நேரத்தில் நான் எதுவுமே நினைக்கவில்லை.

இந்த வருஷமும் அத்தை ராகி போட்டிருக்கிறாள். போன வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். துண்டில் சுற்றின பழைய செட்டை என் கையில் கொடுத்தாள். குங்குமம் அழியவில்லை.

"அந்தப் புதுசு எனக்கு வேணாம் கண்ணு. வாத்தியாரையே மாட்டிடு. அவரு இருந்தா மாமா இருக்காப்பல இருக்கும்."

மாட்டினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா மாமா ஏதாச்சும் சொன்னாராடா?"

'உங்க அத்தை கொரலு கணக்கா இருக்குதே' என்று மாமா சொன்னார், அத்தை; சிரித்தார். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஒண்ணும் சொல்லல அத்தை."

இப்போது கல்லூரி முடிந்ததும் பஸ் பிடித்து தினமும் தளிக்கு வருகிறேன். நல்ல பிள்ளை, மாமன் கொல்லையைக் காக்கிறான் என்று ஊரில் சொல்கிறார்கள். காட்டைப் பார்த்து நிற்கிற காரில், பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாவியில் கையை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். யானைகள் இன்னும் வரவில்லை. இருந்தாலும் பொழுது சாய்ந்ததும் சாவியைத் திருப்பிவிடுவேன். பேட்டரி இறங்கிவிடாமல் இருப்பதற்காக. இன்றைக்கும் திருப்பினேன்.

"குட் ஈவினிங்! ஹவ் ஆர் யூ?"

இடைவெளி. தைல மரங்களுக்கு நடுவில் யாரும் இல்லை. பம்ப்செட் அறையின் கூரையிலும் யாரும் இல்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ" என்றேன்.

"வெரி குட்!" என்றார் வாத்தியார்.